இரண்டு தொட்டிகள்

இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், பேராலயத்திற்கு எதிரே எண்கோண வடிவில் பழங்கட்டடம் ஒன்று நிற்கிறது. அந்நகரின் பாதுகாவலராகிய புனித திருமுழுக்கு யோவானின் பெயர் தாங்கிய ஆலயம் அது. புளோரன்சில் பங்கு ஆலயங்கள் பல இருந்தன. ஆனால் திருமுழுக்குத் தொட்டி நகர் முழுவதற்கும் ஒன்றுதான். செல்வர் வீட்டுக் குழந்தையும் கூலிக்காரன் வீட்டுக் குழந்தையும் அந்த ஒரே தொட்டிக்குத்தான் எடுத்து வரப்பட்டனர்.

1348ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் மாண்ட வரலாற்றாசிரியர் ஜொவான்னி வில்லானி ஒரு சுவையான செய்தியை எழுதி வைத்திருக்கிறார். பிறப்பைக் கணக்கிட விரும்பிய குருவானவர், ஆண் குழந்தைக்குத் திருமுழுக்களித்தால் ஒரு கறுப்பு அவரை விதையையும், பெண் குழந்தையாயின் ஒரு வெள்ளை விதையையும் எடுத்து வைப்பாராம். ஆண்டின் இறுதியில் விதைகளை எண்ணினால் 5,500 முதல் 6,000 வரை இருக்குமாம். விதையில் ஆண், பெண் என்ற வேறுபாடு உண்டு. செல்வர், வறியர் என்ற வேறுபாடு இல்லை. வங்கியாளரின் மகனும் தோல் பதனிடுபவனின் மகனும் ஒரே நிற விதைகளே.

மறுமலர்ச்சிக் காலம் என்றதும் நம் நினைவுக்கு வருவோர் லியோனார்தோ தா வின்சி, மிக்கேலாஞ்சலோ போன்ற மேதைகள்தாம். அவர்கள் நடந்த தெருக்களில் நாள்தோறும் உண்டு, உழைத்து, அழுது, செபித்து வாழ்ந்த எளிய மக்களை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. ஒரே தொட்டியில் நனைந்த அக்குழந்தைகள் ஆலய வாயிலைக் கடந்தபின் எந்தெந்த வீடுகளுக்குச் சென்றனர்? தொட்டியருகே கிடைத்த சமத்துவம் தெருவில் எவ்வளவு தூரம் அவர்களுடன் நடந்தது? இதுவே இக்கட்டுரை கேட்கும் கேள்வி.

வாய்களின் கணக்கு

1427ஆம் ஆண்டில் புளோரன்ஸ் அரசு தன் ஆட்சிப்பகுதி முழுவதும் ஒரு பெரும் சொத்துக் கணக்கெடுப்பை நடத்தியது. ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தம் நிலம், வீடு, வணிக முதல், கொடுத்த கடன், பட்ட கடன் அனைத்தையும் எழுதித் தரவேண்டும். குடும்பத்தில் உள்ளோரைக் குறிக்க அதில் வழங்கிய சொல் 'வாய்கள்' என்பதாகும். இத்தனை வாய்கள் உண்ணக் காத்திருக்கின்றன என்று அறிவித்தால், ஒரு வாய்க்கு 200 புளோரின் வீதம் சொத்து மதிப்பில் கழிவு கிடைக்கும். ஏறத்தாழ 60,000 குடும்பங்களின் அறிக்கைகள் இன்றும் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சாதாரண மனிதரின் வீட்டிற்குள் நம்மை இவ்வளவு அருகில் அழைத்துச் செல்லும் ஏடுகள் உலகில் மிகச் சிலவே.

சிற்பி தொனாத்தெல்லோவும் அறிக்கை தந்தார். அப்போது புகழின் உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்த அவர் வாடகை வீட்டில்தான் வாழ்ந்தார். உடன் இருந்தோர் 80 வயதுத் தாய், கைம்பெண்ணான தமக்கை, உடல் ஊனமுற்ற அவருடைய மகன். பளிங்கிலே வீரர்களையும் இறைவாக்கினர்களையும் வடித்த கைகள் மாலையில் வீடு திரும்பி இம்மூவருக்கும் உணவளித்தன.

அந்தக் கணக்கெடுப்பு மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்துகிறது. கொள்ளைநோய்க்கு முன் ஓர் இலட்சம் அளவில் மக்கள் வாழ்ந்த நகரில் அப்போது எஞ்சியிருந்தோர் ஏறத்தாழ 37,000 பேர். அவர்களுள் ஏறக்குறைய நூறு குடும்பங்களின் கையில் நகரச் செல்வத்தின் கால் பங்கு இருந்தது. மறுமுனையில், கழிவெல்லாம் போக வரி விதிக்க ஏதுமில்லாத குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. இவ்விரு சாராரும் தனித்தனிப் பகுதிகளில் வாழவில்லை என்பதும் கருதத்தக்கது. மாளிகையின் பின்சுவரை ஒட்டியே நெசவாளியின் ஓரறை வீடு இருந்தது. செல்வனும் வறியவனும் ஒரே மணியோசையைக் கேட்டனர். ஒரே ஆலயத்தில் முழந்தாளிட்டனர்.

யோவானின் காசும் கூலிக்காரனின் காசும்

புளோரன்சின் செல்வம் கம்பளித் துணியிலிருந்தும் பின்னர் பட்டிலிருந்தும் பிறந்தது. அயல்நாடுகளிலிருந்து வந்த ஆட்டுமயிரைக் கழுவி, அடித்து, சீவி, நூற்று, நெய்து, சாயமிட்டு ஒரு துணியாக்கும் வரை அது எத்தனையோ கைகளைக் கடந்தது. நூற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மயிரைக் கழுவுவோரும் சீவுவோருமே யாவருக்கும் கீழான நிலையில் இருந்தனர். வணிகருக்கும் கைவினைஞருக்கும் 21 தொழிற்குழுக்கள் இருந்தன. குழுவில் இடம்பெற்றவருக்கே ஆட்சியில் பங்குண்டு. இந்தக் கடைநிலைத் தொழிலாளருக்கோ குழு அமைக்கும் உரிமையே மறுக்கப்பட்டிருந்தது.

1378ஆம் ஆண்டு கோடையில் அவர்கள் பொங்கியெழுந்தனர். கம்பளி சீவும் தொழிலாளியான மிக்கேலே தி லாந்தோ என்பவர் நகரின் தலைமைப் பதவியில் அமர்ந்தார். எளியவர்களுக்காக மூன்று புதிய குழுக்கள் தோன்றின. ஆனால் அந்த ஆட்சி சில வாரங்களே நீடித்தது. மிக ஏழைகளின் குழு அவ்வாண்டே கலைக்கப்பட்டது. எஞ்சிய இரண்டும் 1382ஆம் ஆண்டில் மறைந்தன.

ஒடுக்கப்பட்ட பின்னும் அவர்களை உறுத்திய ஒரு குறை உண்டு. 1252ஆம் ஆண்டு முதல் புளோரன்ஸ் வார்த்த புளோரின் என்னும் பொற்காசின் ஒருபுறம் நகரின் சின்னமான லீலிமலரும், மறுபுறம் திருமுழுக்கு யோவானின் உருவமும் பொறிக்கப்பட்டிருந்தன. பெருவணிகர் தம் கணக்குகளைப் பொன்னில் வைத்தனர். தொழிலாளிக்குக் கூலியோ சோல்தி என்ற சில்லறை நாணயக் கணக்கில் தரப்பட்டது. முதலில் 20 சோல்திக்கு ஒரு புளோரின் கிடைத்தது. 1420களில் அதற்கு ஏறத்தாழ 80 சோல்தி வேண்டியிருந்தது. 1500ஆம் ஆண்டளவில் 140 ஆயிற்று. பொன்னை வைத்திருந்தவனுக்கு இழப்பில்லை. சில்லறையை வாங்கியவனுக்கே இழப்பு. தொட்டியில் யாவருக்கும் பொதுவாயிருந்த யோவான், காசில் செல்வர் பக்கம் சேர்ந்துவிட்டார் போலும்!

கட்டட வேலையில் கல் சுமந்த கூலியாள் 15ஆம் நூற்றாண்டில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 சோல்தி பெற்றான். 1420 முதல் 1436 வரை பேராலயத்தின் மாபெரும் குவிமாடம் எழுந்தபோது செங்கல்லும் சாந்தும் சுமந்தவர்கள் இத்தகையோரே. ஞாயிறும் திருநாள்களும் ஓய்வு நாள்கள். அவை அவனுடைய ஆன்மாவுக்கு விருந்து. ஆனால் அந்நாள்களுக்குக் கூலி கிடையாது. மழையும் பனியும் அவ்வாறே. ஆண்டு முழுவதும் முயன்றாலும் அவன் ஈட்டியது ஏறத்தாழ 30 புளோரின்தான்.

அவனுடைய உணவின் பெரும்பகுதி ரொட்டி. உடன் மொச்சை, முட்டைக்கோசு, வெங்காயம், தண்ணீர் கலந்த திராட்சை இரசம். இன்று இத்தாலிய உணவின் அடையாளமாகிய தக்காளி அப்போது அங்கே இல்லை; அமெரிக்கக் கண்டத்திலிருந்து அது இன்னும் வந்திருக்கவில்லை. கேரளக் கரையில் விளைந்து கடல் கடந்து வெனிஸ் வழியாக வந்த மிளகு செல்வர் உணவுக்கு மணமூட்டியது. தானிய விலை ஏறினால் ஏழையின் நெஞ்சு நடுங்கும். நகரின் நடுவே உள்ள ஓர்சான்மிக்கேலே என்னும் கட்டடத்தின் மேல்மாடிகளில் அரசு தானியத்தைச் சேமித்து வைத்தது. கீழ்த்தளத்தில் தேவ அன்னையின் படத்தின் முன் மக்கள் செபித்தனர். இன்றைய உணவை இன்று தாரும் என்ற மன்றாட்டு வானத்தையும் அந்தக் கிடங்கையும் ஒருங்கே நோக்கி எழுந்திருக்கும்.

நகர மதிலுக்கு வெளியே உழவர் பலர் அரைவாரத்திற்குப் பயிரிட்டனர். நிலம் நகரத்துச் செல்வருடையது, உழைப்பு உழவனுடையது, விளைச்சல் இருவருக்கும் சரிபாதி. பாதி என்பது நீதிபோல ஒலிக்கும். ஆனால் விதைக்கும் காளைக்கும் நிலக்கிழாரிடமே கடன்பட்டவனுக்கு, அவன் பாதியிலும் எவ்வளவு எஞ்சியிருக்கும்?

மாளிகைகளுக்குள்

இனிச் செல்வர் வீட்டுக்குள் நுழைவோம். அலெஸ்ஸாந்த்ரா ஸ்ட்ரோஸ்ஸி என்னும் கைம்பெண் தம் புதல்வர்களுக்கு எழுதிய எழுபதுக்கும் மேற்பட்ட கடிதங்கள் கிடைத்துள்ளன. 1434ஆம் ஆண்டில் கோசிமோ மெதிச்சியின் கை ஓங்கியபோது இவருடைய கணவர் நாடு கடத்தப்பட்டு, அயலூரிலேயே இறந்தார். ஆண்மக்கள் வளர்ந்ததும் பிழைப்புக்காக நேப்பிள்ஸ் முதலிய ஊர்களுக்குச் சென்றனர். பிள்ளைகளை வளர்த்து, வரிச்சுமையைத் தாங்கி, குடும்பத்தின் பெயரைக் காத்தவர் அந்தத் தாயே.

1447ஆம் ஆண்டில் தம் 16 வயது மகள் கத்தரீனாவை மார்கோ பரேந்தி என்ற பட்டு வணிகருக்கு மணம் பேசினார். சீதனம் 1,000 புளோரின். இன்னும் உயர்ந்த குலத்தில் கொடுப்பதாயின் 1,400, 1,500 என்று கேட்பார்கள், அது தம்மால் இயலாது என்று மகனுக்கு எழுதுகிறார். இப்பேச்சு நம் வீடுகளுக்குப் புதிதன்று! பெண்ணைப் பெற்றோரின் இந்தக் கவலைக்காகவே 1425ஆம் ஆண்டில் புளோரன்ஸ் அரசு சீதன நிதி ஒன்றை ஏற்படுத்தியது. சிறுமியாயிருக்கும்போதே தந்தை பணம் செலுத்தினால், திருமணத்தின்போது பெருகிய தொகை கிடைக்கும். அதுவும் போதாத வீடுகளில், குறைந்த தொகையுடன் பெண்ணைக் கன்னியர் மடத்திற்கு அனுப்புவதும் நடந்தது. இறையழைத்தலைக் கேட்டுச் சென்றவர்களும் உண்டு. தந்தையின் கணக்கேட்டைக் கேட்டுச் சென்றவர்களும் உண்டு என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

மணமகன் கத்தரீனாவுக்குச் செந்நிற வெல்வெட்டில் ஆடை செய்வித்தார். அவள் வெளியே செல்லும்போது 400 புளோரினுக்கு மேல் அவள்மேல் இருக்கும் என்று தாய் பெருமையுடன் குறிப்பிடுகிறார். கல் சுமக்கும் கூலியாளின் பத்தாண்டு உழைப்பினும் மிகுந்த பொருள், ஒரு பெண்ணின் தோளில்! ஆயினும் அந்தத் தாயை எள்ளி நகையாட நமக்கு மனம் வராது. 1459ஆம் ஆண்டில் அவருடைய இளைய மகன் மத்தேயோ தொலைவிலே நோயுற்று இறந்தான். மகனின் தலைமாட்டில் இருக்கமுடியாமற்போன அந்தத் துயரிலும், இறைவன் தந்ததை இறைவனே எடுத்துக்கொண்டார் என்று தம்மைத் தேற்றிக்கொள்கிறார். மாளிகையிலும் கண்ணீர் உப்புக் கரிக்கும்.

நனைந்தும் விடுபடாதவர்கள்

அலெஸ்ஸாந்த்ராவின் கடிதங்களில் கத்தெருச்சா என்ற ஒருத்தியைப் பற்றிய முறையீடுகளும் வருகின்றன. அவள் பணிப்பெண் அல்லள். விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. மறுமலர்ச்சியின் ஒளியில் நம் கண்ணுக்குத் தப்பிவிடும் நிழல் இதுவே.

கொள்ளைநோயால் வேலையாள்கள் குறைந்தபோது, கிறிஸ்தவரல்லாத நாடுகளிலிருந்து அடிமைகளைக் கொணர 1363ஆம் ஆண்டில் புளோரன்ஸ் அரசு இசைவளித்தது. கருங்கடல் கரைச் சந்தைகளிலிருந்து பெரும்பாலும் இளம்பெண்களும் சிறுமிகளும் கப்பலேற்றிக் கொணரப்பட்டனர். 1366 முதல் 1397 வரையிலான விற்பனைப் பதிவேட்டில் 357 பேர் காணப்படுகின்றனர். அவர்களுள் ஆண்கள் மிகச் சிலரே. அவர்களுக்கும் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. மார்த்தா, லூச்சியா, கத்தரீனா என்று புனிதரின் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆனால் திருமுழுக்குப் பெற்றதால் விடுதலை உண்டா? இல்லை என்றது சட்டம். பிறந்த இடம் கிறிஸ்தவ நாடாக இல்லாதிருந்தால் போதும். இப்போது கிறிஸ்தவளாயினும் அவளை விற்கலாம், வாங்கலாம்.

அண்டையிலுள்ள பிராத்தோ நகரின் பெருவணிகர் பிரான்செஸ்கோ தாத்தீனியின் இல்லத்தில் இவ்வாறு இருந்தவள் லூச்சியா. தாத்தீனி தம் கணக்கேடுகளின் தலைப்பில் இறைவனின் பெயரையும் இலாபத்தின் பெயரையும் சேர்த்தே எழுதியவர். அவருடைய ஏறத்தாழ 1,50,000 கடிதங்கள் 1870ஆம் ஆண்டில் அவர் இல்லத்திலேயே கண்டெடுக்கப்பட்டன. அவருக்கும் மனைவி மார்கரீத்தாவுக்கும் பிள்ளைப்பேறு இல்லை. 1392ஆம் ஆண்டில் லூச்சியா அவருக்கு ஜினெவ்ரா என்ற பெண்ணைப் பெற்றாள். குழந்தை முதலில் வெளியே வளர்க்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குப் பின் வீட்டிற்கு அழைத்துவரப்பட்டது. மார்கரீத்தா அவளைத் தம் மகளாகவே வளர்த்தார். 1407ஆம் ஆண்டில் 1,000 புளோரின் சீதனத்துடன் ஜினெவ்ரா மணமுடித்தாள். கணவரின் பாவத்தைத் தம் மடியில் ஏந்தித் தாலாட்டிய மார்கரீத்தாவைப் புனிதர் வரிசையில் எவரும் சேர்க்கவில்லை. விண்ணகத்தின் ஏடு வேறாக இருக்கலாம்.

ஜினெவ்ரா பேறுபெற்றவள். அவளைப்போன்ற பிற குழந்தைகளின் கதி என்ன?

இரண்டாம் தொட்டி

பேராலயத்திலிருந்து வடகிழக்காகச் செல்லும் நேர்த்தெருவில் பத்து நிமிடம் நடந்தால் மரியாவின் மங்கள வார்த்தை ஆலயச் சதுக்கம் வரும். அங்கே மெல்லிய தூண்களும் அரைவட்ட வளைவுகளும் கொண்ட ஓர் எழில் தாழ்வாரம் நிற்கிறது. குவிமாடத்தைக் கட்டிய அதே புருனெலெஸ்கி 1419ஆம் ஆண்டில் வரைந்த அமைப்பு. மறுமலர்ச்சிக் கட்டடக் கலையின் தொடக்கங்களுள் ஒன்று எனக் கலை நூல்கள் அதனைப் போற்றும். ஆனால் அது மாளிகையன்று. மாசற்ற குழந்தைகளின் பெயரால் அமைந்த, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். 1410ஆம் ஆண்டில் இறந்த தாத்தீனி, இத்தகைய இல்லத்திற்கென்றே 1,000 புளோரின் எழுதி வைத்திருந்தார். பட்டு வணிகரின் தொழிற்குழு அதனைக் கட்டி நடத்தியது.

தாழ்வாரத்தில் தீர்த்தத் தொட்டியைப் போன்ற ஒரு தொட்டி இருந்தது. முகம் காட்ட விரும்பாதவர் குழந்தையை அதிலே கிடத்திவிட்டுச் செல்லலாம். 1445ஆம் ஆண்டு பெப்ருவரி 5ஆம் நாள், புனித அகத்தாவின் திருநாளன்று, முதல் குழந்தை வந்தது. பெண் குழந்தை. அகத்தா ஸ்மெரால்தா எனப் பெயரிட்டனர்.

அதன்பின் வந்த குழந்தைகளிலும் பெண்களே மிகுதி. அடிமைப் பெண்களுக்கும் பணிப்பெண்களுக்கும் பிறந்தோர் பலர். அத்தகைய தாய், தன் குழந்தையை இல்லத்தில் விட்டுவிட்டு, வேறொரு செல்வர் வீட்டுக் குழந்தைக்குப் பாலூட்டக் கூலிக்கு அனுப்பப்படுவதும் உண்டு. அந்தக் கூலி அவளை உடையவனுக்கே சேரும். இல்லத்தின் குழந்தைகளையோ நாட்டுப்புறத்து ஏழைப் பெண்கள் மாதச் சம்பளத்துக்குப் பாலூட்டி வளர்த்தனர். பஞ்சமும் நோயும் வந்த ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகள் மடிந்தன. பிழைத்த ஆண்பிள்ளைகள் தொழில் கற்றனர். பெண்பிள்ளைகளுக்கு இல்லமே சீதனம் தந்து மணமுடித்தது. தாழ்வாரத்தின் நெற்றியில் துணி சுற்றிய குழந்தைகளை நீலப் பின்னணியில் சுடுமண் சிற்பங்களாக அந்திரேயா தெல்லா ரோபியா 1487ஆம் ஆண்டளவில் அமைத்தார். அவை இன்றும் கைகளை விரித்தபடி இருக்கின்றன.

இந்த இல்லத்தை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? பாவத்தை மறைக்கச் செல்வர் கட்டிய திரை என்பதா? இரக்கத்தின் கோயில் என்பதா? இரண்டும் உண்மையே. கைவிட்ட கையும் ஏந்திய கையும் சில வேளைகளில் ஒரே கையாயிருந்தன. எனினும் தெருவோரத்தில் மடிந்திருக்கக்கூடிய குழந்தைக்கு, நகரின் தலைசிறந்த கலைஞனைக் கொண்டே கூரை அமைத்தனர் என்பதும் சிறு செய்தியன்று. ஏழைக்குத்தானே, எப்படியிருந்தால் என்ன என்று அவர்கள் எண்ணவில்லை.

வாசலில் ஒரு மெழுகுதிரி

கொடுப்பதிலும் பெறுபவரின் மாண்பைக் காக்கவேண்டும் என்பதை அந்நகருக்குக் கற்பித்தவர் புனித அந்தோனினுஸ். 1389ஆம் ஆண்டில் பத்திரம் எழுதுபவர் ஒருவரின் மகனாய்ப் பிறந்த இவர், தொமினிக்கன் சபைத் துறவியாகி, 1446ஆம் ஆண்டில் புளோரன்சின் பேராயரானார். தொழிலாளிக்குக் காசுக்குப் பதிலாகத் துணியைத் தந்து கூலியைக் குறைக்கும் வணிகரைத் தம் அறநெறி நூலில் கடிந்தார். 1448ஆம் ஆண்டில் கொள்ளைநோய் மீண்டும் வந்தபோது நோயுற்றோரைத் தாமே தேடிச் சென்றார்.

பேராயராகும் முன்பே, 1442ஆம் ஆண்டில், பொதுநிலையினர் பன்னிருவரைக் கூட்டி ஒரு குழு அமைத்தார். தெருவில் கையேந்துவோரை எல்லாரும் காண்கின்றனர். ஆனால் நேற்றுவரை கௌரவமாக வாழ்ந்து, நோயாலோ வரியாலோ அரசியல் பகையாலோ நொடித்து, கேட்க நாணிக் கதவை மூடிக்கொண்டு பட்டினி கிடப்பவரை யார் காண்பது? அவர்களைத் தேடிச் செல்வதே அக்குழுவின் பணி. புனித மார்த்தீனுஸ் சிற்றாலயத்தில் கூடியதால் 'புனித மார்த்தீனின் நல்ல மனிதர்' என அவர்கள் பெயர் பெற்றனர். சொத்துச் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் விதி. வந்ததை வந்தவுடன் கொடுத்துவிடுவர். கையிருப்புத் தீர்ந்தால் சிற்றாலயத்தின் வாசலில் ஒரு மெழுகுதிரியை ஏற்றி வைப்பர். நகர மக்கள் அதன் பொருளை அறிவர்.

அச்சிற்றாலயத்தின் சுவர்களில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிர்லாந்தாயோவின் ஓவியக்கூடத்தார் தீட்டிய படங்கள் உள்ளன. அவற்றில் மன்னரும் இல்லை, போரும் இல்லை. பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் ஏழைப் பெண்ணுக்கு உணவு வருகிறது. கடனுக்காகச் சிறைப்பட்டவன் மீட்கப்படுகிறான். வழிப்போக்கனுக்குப் படுக்கை கிடைக்கிறது. சீதனமில்லாத பெண்ணின் கைத்தலம் பற்றப்படுகிறது. மறுமலர்ச்சிக் கால ஏழையின் அன்றாட வாழ்வைக் காண விரும்புவோர்க்கு இவற்றினும் சிறந்த சாளரம் அரிது. அறுநூறு ஆண்டுகளை நெருங்கும் அக்குழு இன்றும் தன் பணியைத் தொடர்கிறது.

அரசர் கட்டிய அரண்மனைகள் இன்று அருங்காட்சியகங்களாகிவிட்டன. சாதாரண இல்லறத்தார் பன்னிருவர் தொடங்கிய பணியோ இன்னும் உயிரோடிருக்கிறது. இதிலே பொதுநிலையினராகிய நமக்கு ஒரு செய்தி இல்லையா?

நம் ஒவ்வொருவருக்காகவும் ஒருநாள் ஒரு விதை எடுத்து வைக்கப்பட்டது. அந்த நாளில் நம் அருகில் திருமுழுக்குப் பெற்ற மற்றக் குழந்தை யாருடையது என்று நாம் அறியோம். அது இன்று நம் தெருவிலேயே, கேட்க நாணி, மூடிய கதவின் பின்னே இருக்கலாம். தட்ட வேண்டிய கதவை நாம் தேடாதவரை, முதல் தொட்டியிலிருந்து நாம் எடுத்து வந்த நனைவு இன்னும் நம் தலையோடு நின்றுவிட்டது என்றே பொருள்.